மாதா குடுத்த பார்

அந்தப் பலகையில உக்காராதீங்கம்மா, ஈரமா இருக்கு, சேலை பாழாப் போயிரும். இந்தப் பக்கம் வாங்க. எனக்கு நேரா உக்காருங்க. காலை வலை மேல வெச்சாலும் குத்தமில்ல. நைலான் நூலுதான, அதுக்கு என்ன மரியாத. பூவ மடியில வெச்சுக்கிடுங்க, தண்ணி தெறிக்கும்.

செல்போன இங்கக் குடுங்க. உப்புத் தண்ணி ஒரு சொட்டுப் பட்டாப் போதும், அது செத்துரும். ஏல ராயப்பா, அம்மா செல்ல வாங்கி அந்த டப்பாக்குள்ள வெச்சு மூடு. அவன்ட்ட இருந்தா பத்திரமா இருக்கும். இவன் எம் மருமவன்மா. எம் மக பிரிசில்லாளக் கட்டுனவன். பேச மாட்டான். கல்யாணப் பூசையில சாமியார் சம்மதமான்னு கேட்டதுக்கே தலையத்தான் ஆட்டுனான், வாயத் தொறந்து சொல்லுன்னு சாமியார் ரெண்டாந்தரம் கேக்கும்படி ஆச்சு. ஆனா கடல்ல இவன் கை வெச்சா வெச்சதுதான். நீங்க பயப்படாம இருங்க.

மெற்றில்டாவா? வாறேன்னுதான் சொன்னா. கோயிலுக்குப் போயிட்டு நேரே கரைக்கு வாறேன்னா. நாமதான் கொஞ்சம் முந்திட்டோம். வெயில் ஏறுனா காத்து மாறிரும்மா, பொறவு உங்களுக்குத்தான் செரமம், வாந்தி எடுத்துக்கிட்டு வரணும். அந்தா கரையில நின்னு கைய ஆட்டுதது அவதானா? இந்தத் தூரத்துக்கு எனக்குக் கண்ணு தெரியல. ராயப்பா, நீ திரும்பிப் பாக்காத. ஓட்டு.

அவ எங்கண்ணன் மக. அவ மூலமாத்தான் நீங்க வந்தீங்க, சரி. ஆனா அவளப் பத்தி நானும் ரெண்டு வார்த்த சொல்லணும்லா. தூத்துக்குடியில டீச்சர் வேல பாக்கா. லீவுக்கு வந்தவ லீவுக்கு வந்த மாதிரி இருந்துட்டுப் போகணும். எங்க வீட்டுக் கோழிக்கூட்டு மேல கெடந்த தகரத்தத் தூக்கிட்டுப் போயி, தேங்கா நாரு போட்டுத் தேச்சு, அதுல நம்பர் இருக்குன்னு போட்டோ எடுத்து, நெட்டுல போட்டுட்டா. என்ட்ட ஒரு வார்த்த கேக்கல. அம்பது வருசமாக் கோழிக்கு நெழலுக்குக் கெடந்த தகரம்மா. அதப் பாத்து நீங்க கோயமுத்தூருலேருந்து ஓடி வந்து என் வீட்டு முத்தத்துல நிக்கீங்க. அந்தத் தகரத்தக் கட்டிப் பிடிச்சு அழுதீங்களே, எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. உங்கப்பாதுன்னு தெரிஞ்சா கோழிக்கு வெச்சிருப்போமா? விமானத்துத் தகரம்னு தெரியும். உங்கப்பாதுன்னு தெரியாதுல்லா.

நீங்க கேட்டீங்கல்லா, பார்னா என்னன்னு. சாராயம் விக்கிற பார் இல்ல. கடலுக்கடியில பாறை கெடக்கும், பாசி பிடிக்கும், சின்ன மீன் வந்து ஒளியும், அதத் திங்கப் பெரிய மீன் வரும். அந்த எடம்தான் பார். கடல் பூரா மண்ணுதாம்மா. பாலைவனம் மாதிரி. அதுல ஒரு பார் தெரிஞ்சவன் சோத்துக்கு அலைய வேண்டாம். அத எப்படிக் கண்டுபிடிக்கன்னா, கடலப் பாத்து இல்ல, கரையப் பாத்து. தூரத்துல தெரியுத மலை ஒண்ணு, அதுக்கு நேரே ஒரு கோயில் கோபுரம். இந்தப் பக்கம் இன்னொரு மலை, அதுக்கு நேரே ஒரு பனங்காடு. ரெண்டும் நேருக்கு நேர் வந்தா, மரத்துக்கு, அதாம்மா கட்டுமரத்துக்கு, அடியில பார் கெடக்குன்னு அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்ல மாட்டாவ. அப்பன் மகனுக்குச் சொல்லுவான். அதுவும் எல்லா மகனுக்கும் இல்ல.

இப்ப எல்லாப் பயலும் ஜிபிஎஸ் மெஷின் வெச்சிருக்கான், அதுல புள்ளி வெச்சுட்டுப் போறான், வாறான். எவன் மெஷினத் திருடுனாலும் அவன் கடல் பூரா திருடுனவன் கைக்குப் போச்சு. எங்க பார் எந்த மெஷின்லயும் கெடையாது. நாங்க அங்க போகும்போது மெஷின அணைச்சுட்டுத்தான் போவோம். அது இங்க மட்டும் இருக்கு, என் தலையில. பொறவு ராயப்பன் தலையில. மூணாவது தலை கெடையாது.

எழுபத்தொண்ணு சண்டை சமயம் நான் சின்னப் பய. கரையில விளக்கு வெக்கக் கூடாதுன்னு போலீசு வந்து சொல்லிட்டுப் போச்சு. அப்ப மழை மேகமா இருந்துச்சு, ஒரு நாளு கடலுக்கு மேல இடி மாதிரி ஒரு சத்தம். இடின்னுதான் எல்லாரும் நெனச்சோம். சண்டை முடிஞ்ச பொறவு வெள்ளச் சட்ட போட்ட ஆபீசருமாரு ஜீப்புல வந்தாவ. விமானம் விழுந்ததப் பாத்தீங்களா, ஏதாச்சும் மெதந்து வந்துச்சான்னு கேட்டாவ. எங்கய்யா, எங்கப்பாதாம்மா, உள்ளத உள்ளபடி சொன்னாவ, நாங்க ஒண்ணும் பாக்கலைன்னு. அன்னைக்கு அது சத்தியம்மா. அன்னைக்கு எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

தெரிஞ்சது மறு வருசம். மாதா பொறந்த திருநாளைக்கு முந்தின நாளு. மத்தவனெல்லாம் கோயில்ல பந்தல் போட்டுக்கிட்டிருக்கான், எங்கய்யா மட்டும் எங்கள ஏத்திக்கிட்டு மரத்தத் தள்ளிட்டாவ. பாழ்மண்ணு எடம் அது. எங்க பாட்டன் காலத்துலேருந்து அங்க ஒரு பொடி மீன் பிடிச்சவன் கெடையாது. நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருச்சு, சரின்னு தூண்டில எறக்குனா, எறக்குன வேகத்துக்கு இழுக்குது! கலவா மீனு, ஒவ்வொண்ணும் இந்தா இத்தத் தண்டி. விளமீனு, பாறை மீனு. மரம் தாந்து தண்ணி எங்க முட்டு வரைக்கும் வந்துருச்சு. எங்கய்யா தலையில கட்டியிருந்த துண்ட அவுத்துட்டு, மரத்து மேலேயே முட்டுக்குத்தி உக்காந்து அழுதுட்டாவ. மாதா நமக்குக் குடுத்த பாருலன்னாவ. அன்னைக்கு வெச்ச பேரு இன்னைக்கும் அதுதான். மாதாப் பார். மொத மீன கோயிலுக்குத்தான் குடுத்தோம். சாமியார் தண்ணி தெளிச்சு வாங்கிக்கிட்டாவ.

கொஞ்ச நாள் கழிச்சு வலை போட்டப்ப அந்தத் தகரம் வந்துச்சு. எங்கய்யா அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. எங்கண்ணன்தான் சொன்னான், அய்யா, இது அந்த ஆபீசருமாரு தேடுன விமானம்லான்னு. எங்கய்யா அவன் முகத்தப் பாத்து, இது பார்ல, வேற ஒண்ணும் இல்லன்னாவ.

என்ன கேட்டீங்க? சொல்லியிருக்கலாம்லன்னா? யார்ட்டம்மா சொல்ல? ஆபீசருமாரு போயிட்டாவ. தேடி வந்தா சொல்லியிருப்போம். வந்தாவதான். ரெண்டு வருசம் கழிச்சு ஒரு தடவ வந்தாவ, இல்லன்னு சொல்லல. எங்கய்யா அவியள உக்கார வெச்சு, கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்து, வத்தல் மீன் கட்டிக் குடுத்து அனுப்புனாவ. அந்த ஆபீசருமாருல ஒருத்தர் எங்கய்யா கையப் பிடிச்சுக்கிட்டு, ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க பெரியவரே, மூணு பேருக்கும் குடும்பம் இருக்கு, ஒருத்தருக்குப் பிள்ள பொறந்து அவரு இன்னும் பாக்கலன்னு சொன்னாரு. அது நீங்கதானோ? இருக்கும். எங்கய்யா கலங்கிப் போயிட்டாவ. அவிய மனசு அப்படி. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். உங்கப்பாவ நாங்க அனாதையா விடல. கார்த்திக மாசத்துக்கு முந்தி கல்லறைத் திருநாளுன்னு ஒண்ணு வரும், செத்தவுங்க ஆத்துமாவுக்கு. எல்லாரும் அவுங்கவுங்க கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவோம். அந்தத் தகரம் வந்த வருசத்துலேருந்து எங்கய்யா எங்க கல்லறைக்குக் கொஞ்சம் தள்ளி, மண்ணுல, தனியா ஒரு மெழுகுதிரி கொளுத்துவாவ. யாருக்குன்னு சாமியார் கேட்டதுக்கும் சொல்லல. அவிய போன பொறவு நான் கொளுத்துதேன். ஒரு வருசம் விடல. உங்கம்மா பொட்டு வெச்சு, தாலியோட, புருசன் பாகிஸ்தான் ஜெயில்ல இருக்காவன்னு டெல்லிக்கும் பம்பாய்க்கும் அலைஞ்சாவன்னு சொன்னீங்கல்லா? பாவம். அவிய அங்க அலைஞ்சுக்கிட்டு இருந்தப்ப இங்க நாங்க மெழுகுதிரி கொளுத்தி, மந்திரம் சொல்லி, உங்கப்பா ஆத்துமாவ எப்பவோ கரை சேத்துட்டோம். சர்க்கார் செஞ்சுதா இத? நீங்களே சொல்லுங்க.

அழாதீங்கம்மா. அழுதா கடல்ல தலை சுத்தும்.

தெக்கயா போறோம்னு கேக்கீங்க? கடல்ல தெக்கென்னம்மா, வடக்கென்ன. நடுவுல ஆழம் இருக்கு, அதச் சுத்தித்தான் போகணும். ராயப்பனுக்குத் தெரியும். நீங்க கரையப் பாக்காதீங்க, வானத்தப் பாருங்க. மேகம் போடுது, ஆனா மழை வராது. வந்தாலும் நமக்கு என்ன.

உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் நான் இவ்வளவும் பேசுதேன். எடத்தக் காட்டுனா நேவியிலேருந்து முங்குத ஆளுவள அனுப்புவாவ, எலும்பு ஒண்ணு கெடச்சாலும் எடுத்துக் குடுப்பாவ, உங்கம்மா கண்ண மூடுததுக்குள்ள தீ வெச்சுரலாம்னு நேத்து முத்தத்துல நின்னு சொன்னீங்க. அத மட்டும் செய்யாதீங்கம்மா. முங்குதவன் சும்மா முங்க மாட்டான். சங்கிலி போடுவான், கிரேன் கொண்டு வருவான், தூக்குவான். தூக்குனா பார் ஏது? மீன் ஏது? வீடு விழுந்தா பல்லிக்கு என்ன வேல அங்க? அதுவும் எலும்பு இருக்கும்னா நெனைக்கீங்க? கடலு ஆளக் குடுக்காதும்மா. எனக்குத் தெரியும். எங்கண்ணனும் அங்கதான் கெடக்கான்.

ஆமா. இன்னாசிமுத்து. மெற்றில்டாவுக்கு அப்பன். அவ அப்ப கைப்பிள்ள, தவழக்கூட இல்ல.

மாதாப் பாருக்குத்தான் போயிருந்தோம், எங்கய்யா, அண்ணன், நான். கெளம்பும்போது நங்கூரம் வர மாட்டேங்குது. கீழ மாட்டிக்கிட்டு. உங்கப்பா விமானத்துலதான் மாட்டுச்சு, வேற எதுல மாட்ட, அங்க வேற பாறையே கெடையாதே. கயித்த அறுத்து விட்டுட்டு வந்துருக்கலாம்னு உங்களுக்குத் தோணும். புது நங்கூரம்மா. அந்த மாசம்தான் வாங்குனது. எங்கய்யா அண்ணனப் பாத்தாவ. அண்ணன் எறங்கிட்டான். மீன் மாதிரி முங்குவான் அவன். கயிறு என் கையில இருந்துச்சு. அவன் கீழ ஆட்டுதது என் கையில தெரிஞ்சுது. ஆட்டுனான், ஆட்டுனான், பொறவு ஒரு இழுப்பு, பலமா. நான் அய்யாவப் பாத்து, கழண்டுருச்சு அய்யான்னு சிரிச்சேன்.

கழண்டது நங்கூரம் இல்ல. கயிறு சும்மா கெடந்துச்சு.

எங்கய்யா முங்குனாவ, நானும் முங்குனேன். கீழ கருகருன்னு இருட்டு, ஓட்டைக்குள்ள வலையும் கம்பியுமா சுருண்டு கெடக்கு, எது உள்ள, எது வெளியன்னு தெரியல. வெயிலு உச்சிக்கு வந்துருச்சு. எங்கய்யா மூக்குல ரத்தம். மரத்துல ஏறி உக்காந்து, திருப்புலன்னாவ. நான் அழுதுக்கிட்டே துடுப்பு வலிச்சேன். கரைக்கு நேரே வரல. தெக்க வலிக்கச் சொன்னாவ, ரொம்பத் தூரம், கையெல்லாம் பொத்துப் போச்சு. ஏன்னு கேக்கிற நெலையில நான் இல்ல. ஒரு எடம் வந்ததும் எங்கய்யா எந்திச்சு நின்னு, அண்ணன் துடுப்பக் கையில எடுத்து, அதுக்கு ஒரு முத்தத்தக் குடுத்துட்டு...

என்னல ராயப்பா இருமுத? தண்ணி வேணுமா? இந்தா.

எங்க விட்டேன்? துடுப்பு. அண்ணன் துடுப்பு தெக்க மெதந்துச்சும்மா. நீரோட்டம். நீரோட்டம் எதையும் எங்கயும் கொண்டு போகும்.

எங்க துறையில ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் கடல்ல காணாமப் போனா ஒருத்தனும் தொழிலுக்குப் போக மாட்டான். சண்டக்காரன், சம்மந்தம் பேசாதவன், எல்லா மரமும் தேடத்தான் போகும். மூணு நாளு ஊருல ஒரு வீட்டுல மீன் வாசம் கெடையாது. அப்படித் தேடுனாவ எங்கண்ணன. துடுப்பு கெடந்த எடத்தச் சுத்தி, நாலு பக்கமும், முங்கி முங்கி, ஒருத்தனுக்குக் காதுல சவ்வு கிழிஞ்சு இன்னைக்கும் கேக்காது. அந்த ஒத்துமையெல்லாம் இப்ப எங்க இருக்கு? எங்கய்யா மூணு நாளும் கரையிலேயே நின்னாவ. எல்லா மரமும் தெக்க நிக்கி, எங்கய்யா மட்டும் வடக்கயே பாத்துக்கிட்டு நின்னாவ. ஒரு மரம் அந்தப் பக்கம் திரும்புனாலும் கைய வீசிக் கூப்பிட்டாவ. பெத்த மனசு, என்ன நெனச்சுதோ.

சவம் கெடைக்காதவனுக்கு எங்கள்ள பெட்டிக்குள்ள துணிமணிய வெச்சுப் புதைப்போம். அப்படித்தான் அண்ணனையும் புதைச்சோம். பெட்டி தூக்குனவனெல்லாம் கனமே இல்லன்னு அழுதான்.

அதுக்குப் பொறவு கொஞ்ச நாள் நாங்க மாதாப் பாருக்குப் போகல. துக்கம்லா. பொறவு போனோம். அன்னைக்கு வந்த மீனு மாதிரி எங்க ஆயுசுக்கும் வந்ததில்ல. எங்கய்யா அன்னையிலேருந்து கலவா மீன வாயில வெக்கல. தட்டுல வெச்சா எந்திச்சுப் போயிருவாவ. நான் திம்பேன். மீனு என்னம்மா செய்யும், அதுக்கு என்ன தெரியும்.

எங்கண்ணன் பிள்ளய நாங்க விட்டுரல. மெற்றில்டாவப் படிக்க வெச்சது அந்தப் பார்தான். எம் மகளக் கட்டிக் குடுத்ததும் அதுதான். ராயப்பன் அப்பா நகை கேக்கல, தொகை கேக்கல. உங்க பார் மட்டும் சொல்லுங்க, பிள்ளயக் கூட்டிட்டுப் போறோம்னாரு. கல்யாணத்துக்கு மறுநாளு வெள்ளன இவன மட்டும் ஏத்திக்கிட்டுப் போயி, மலையையும் கோபுரத்தையும் காட்டிக் குடுத்தேன். கடல்ல கை நனைச்சு சத்தியம் வாங்குனேன், பொண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது, பிள்ள தலையெடுக்குத வரைக்கும் எவனுக்கும் சொல்லக் கூடாதுன்னு. இவன் பேச மாட்டான்னுதான் இவனுக்குக் குடுத்தேன். இவன் படகு, இவன் வலை, இவன் கட்டுத வீடு, எல்லாம் அந்தப் பார நம்பித்தான். அதுதான் மெற்றில்டாவுக்குப் பொறுக்கல. மூத்தவன் மக எனக்கு இல்லாம சின்னவன் மருமவனுக்கான்னு. இல்லன்னா அந்தத் தகரத்த ஏன் தேச்சா? பொம்பளப் பிள்ளைக்குப் பார் எதுக்கும்மா, கரும்பலகையில எழுதிப் போடவா?

இவன் நேத்து ராத்திரி என்ட்ட ஒரே ஒரு வார்த்தைதான் பேசுனான். மாமா, அந்த அம்மாளக் கடலுக்குக் கூட்டிட்டு வராதீங்கன்னான். நான்தான் சத்தம் போட்டேன். என்னல பேச்சு, அவ்வளவு தூரத்துலேருந்து வந்த பொம்பள, அப்பனுக்கு ஒரு பூப் போடாமப் போவாவளா, ஒரு எடத்தக் காட்டி அனுப்பிட்டா அவிய மனசும் ஆறும், நம்ம தொழிலும் நடக்கும்னேன்.

போதும் ராயப்பா. இங்கதான். அணை.

பாத்தீங்களா, எவ்வளவு அமைதியா இருக்கு. எந்திக்க வேண்டாம், உக்காந்தே போடுங்க. உங்கப்பாவும் கூட வந்தவங்களும் நமக்கு நேரே கீழதான் இருக்காவ. பூவப் போடுங்க, மனசுல உள்ளதச் சொல்லுங்க. அம்மா கொடுத்து விட்ட குங்குமம்னீங்களே, அதையும் கரைச்சுருங்க. ஊருக்குப் போயி அம்மாகிட்டச் சொல்லுங்க, நேர்ல பாத்தேன், எல்லாம் முடிஞ்சுதுன்னு. இனிமே அவிய தாலியக் கழட்டிரலாம். நேவிக்கும் எழுதிருங்க, ஆழம் ரொம்ப, ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு.

என்னம்மா, போடலையா? 

எங்க மைனியும் இப்படித்தான். மைனின்னா அண்ணன் பொண்டாட்டி, செலஸ்தீனாள், மெற்றில்டாவுக்கு அம்மா. நாப்பதாம் நாளு பூசை முடிஞ்சு, எம் புருசன் போன எடத்துல நான் பூப் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாவ. எங்கய்யா கூட்டிட்டு வந்தாவ. இப்ப நீங்க உக்காந்திருக்க மாதிரியேதான், கைப்பிள்ளையும் பூவுமா. எங்கய்யா இங்கதாம்மான்னு சொன்னதும் கடலப் பாக்க வேண்டியதுதான? பாக்கல. திரும்பிக் கரையப் பாத்தாவ. மலையப் பாத்தாவ, கோபுரத்தப் பாத்தாவ. திரும்ப மலை, திரும்ப கோபுரம். எங்கய்யா முகத்தப் பாத்தாவ. பொறவு பூவ முந்தானையில பொதிஞ்சு முடிஞ்சுக்கிட்டாவ. எங்கய்யா கெஞ்சுனாவ, போடும்மா, உம் புருசனுக்கும்மான்னு. போடல. கரைக்கே கொண்டு போயிட்டாவ. அன்னைக்கு நிறுத்துன பேச்சு, இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டாள்ட்ட ஒரு வார்த்த கெடையாது. எங்கய்யா சாவுக்கு வரல. நாங்க என்ன செஞ்சோம்? ஒரே முத்தம்மா, ஒரே கெணறு, நான் தண்ணி எறைக்கப் போனா அவிய கொடத்த எடுத்துக்கிட்டு உள்ள போயிருவாவ. அம்பது வருசமா என்ன கோவம்னு எனக்கு வெளங்கவே இல்ல. பொம்பளைக்குக் கோபுரமும் மலையும் பாத்து என்ன தெரியப் போகுது?

என்ன? ஆமா, இங்கதான். இதே எடத்துலதான் கூட்டிட்டு வந்தோம். துடுப்பு கெடந்த...

இல்லம்மா. நான் சொல்ல வந்தது அது இல்ல. நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்க. அண்ணனும் உங்கப்பாவும் ஒரே எடம்தான், அது சரி, அது சத்தியம். துடுப்பு வேற. ஆனா மைனிக்கு... வயசாயிட்டு எனக்கு, பேசுனா ஒண்ணோட ஒண்ணு கலந்துருது. நீங்க பூவ ஏன் மூடுதீங்க? எதுக்கு அப்படிக் கரையப் பாக்கீங்க? உங்களுக்கு அங்க என்ன தெரியுது, ஒண்ணும் தெரியாதுல்லா.

சரி, சரி. சத்தம் போடாதீங்க. வேற யாருமில்ல இங்க, சத்தம் போட்டு என்ன செய்ய. யார்ட்ட வேணும்னாலும் சொல்லுங்க, நேவிக்காரன்ட்டச் சொல்லுங்க, மெற்றில்டாட்டச் சொல்லுங்க, அதெல்லாம் கரையில போயிப் பேசிக்கிடலாம். செல்லா? தருவான். கரையில தருவான்.

ராயப்பா, அம்மாவுக்கு மனசு சரியில்ல, திரும்பிருவோம். எடு இஞ்சின.

ஏல, நீ ஏன் எந்திச்ச? போட்டு ஆடுது, உக்காரு. நான் பேசிக்கிடுதேன் அவியகிட்ட, அவிய நல்ல பொம்பள, சொன்னாக் கேப்பாவ. பெத்தவனத் தேடி வந்த பிள்ளல. உக்காருல. மாமா சொல்லுதேம்லா.

அம்மா, நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க. எம் பக்கத்துல. பூ கெடக்கட்டும், மொதல்ல நீங்க வாங்க. எங் கையப் பிடிச்சுக்கிடுங்க, நல்லாப் பிடிச்சுக்கிடுங்க.

ராயப்பா. மக்கா. இஞ்சின எடு.